யாருடைய பார்வையில்?

வேதபகுதி: கலாத்தியர் 2:11-16, 1 கொரிந்தியர் 4:1-5



தாழ்மையைக் குறித்து நாம் அதிகமாய்ப் பேசுகிறோம். ஆனால் நம்முடைய தாழ்மை எங்கே சோதிக்கப்படுகிறது என்பதைச் சிந்திப்பதில்லை. பிரசங்க பீடத்தைக் காட்டிலும் பந்தியிலேயே அது சோதிக்கப்படுகிறது என்று வேதம் நமக்குக் காண்பிக்கிறது.

1. அந்தியோகியாவின் பந்தி

பேதுரு அறியாமையில் தவறினவர் அல்ல. தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று கொர்நேலியுவின் வீட்டிலே அறிக்கையிட்டவர் அவரே (அப். 10:34). அந்தியோகியாவிலும் புறஜாதியாரான சகோதரரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். ஆனால் எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே, அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவருடைய உபதேசம் மாறவில்லை. அவர் உட்கார்ந்த இடம் மட்டுமே மாறிற்று. ஆயினும் பர்னபாவும் அந்த மாயத்தில் இழுப்புண்டான். பவுல் இதைச் சிறிய பலவீனமாக எண்ணவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு விரோதமான நடக்கை என்று எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். மனுஷருக்குப் பயப்படும் பயம் முதலாவது நம்முடைய நாவை அல்ல, நம்முடைய நாற்காலியையே அசைக்கிறது.

2. செராம்பூரின் பந்தி

வில்லியம் கேரி 1793-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வங்காளத்தில் வந்திறங்கினார். ஏழு ஆண்டுகள் உழைத்தும் ஒரு வங்காளிக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கும் சிலாக்கியம் கிடைக்கவில்லை. அந்நாட்களில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரில் கிருஷ்ண பால் என்னும் தச்சருக்குத் தோள்மூட்டு விலகியது. மிஷனெரி மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிப்படுத்தினார். அதின் மூலமாய் அவர் சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசித்தார்.

1800-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி அவர் மிஷனெரிகளோடு வெளியரங்கமாய்ப் பந்தியிருந்தார். ஒருவேளை உணவுதான்! ஆனால் அதினால் சாதியும் உறவும் ஊராருடைய மதிப்பும் ஒரே நாளில் போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஊரார் கொதித்தெழுந்தனர். அவரோ பின்வாங்காமல் டிசம்பர் 28-ஆம் தேதி ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். 1803-ஆம் ஆண்டில், பிராமண குலத்திலிருந்து வந்த கிருஷ்ண பிரசாத் என்னும் விசுவாசி அவருடைய மகளை மணந்தார். அப்போஸ்தலன் எழுந்துபோன பந்தியிலே ஒரு தச்சர் துணிந்து அமர்ந்தார்!

3. பவுலின் இரகசியம்

மனுஷருடைய தீர்ப்பு தனக்கு அற்பகாரியம் என்கிறார் பவுல் (1 கொரி. 4:3). இது பெருமையா? அல்ல. தன்னைக் குறித்துத் தானும் தீர்ப்புச் சொல்வதில்லை என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். பெருமையுள்ளவன் பிறருடைய தீர்ப்பைத் தள்ளிவிட்டுத் தன்னுடைய தீர்ப்பைச் சிங்காசனத்தில் வைக்கிறான். தாழ்மையுள்ளவனோ இரண்டையும் கர்த்தருடைய பாதத்தில் வைக்கிறான். உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியது எஜமானுக்கே. அவர் வரும்போது அந்தரங்கங்கள் வெளியாகும்; அப்பொழுது தேவனாலேயே புகழ்ச்சி உண்டாகும் (வச. 5).

4. நம்முடைய பந்தி

பணித்தளத்திலே ஆதிவாசி சகோதரனுடைய வீட்டில் மகிழ்ச்சியோடு உண்கிறோம். ஜெபக்கடிதத்திலும் அதை எழுதுகிறோம். ஆனால் சொந்த ஊரில் மகனுக்குப் பெண் தேடும்போது எதை முதலாவது விசாரிக்கிறோம்? "பக்தியுள்ள குடும்பம் வேண்டும்" என்று எழுதும் விளம்பரத்திலே சாதியின் பெயரும் ஏன் இடம்பெறுகிறது? "எங்களுக்கு வித்தியாசமில்லை, உறவினர் இடறலடைவார்களே" என்கிறோம். பேதுருவும் அப்படியே நினைத்திருக்கக்கூடும். ஆனால் அந்தப் பந்தியில் தனியே விடப்பட்ட சகோதரனுடைய இருதயம் எவ்வளவு புண்பட்டிருக்கும்!

பேதுரு அத்தோடு அழிந்துபோகவில்லை. தன்னைக் கடிந்துகொண்ட பவுலையே பின்னாளில் பிரியமான சகோதரன் என்று எழுதினார் (2 பேதுரு 3:15). கடிந்துகொள்ளுதலை ஏற்றுக்கொள்வதும் தாழ்மையே.

சிந்தனைக்கு: யார் வந்தால் நான் எழுந்து விலகுகிறேன்? யாருக்குப் பயந்து?

ஜெபம்: ஆண்டவரே, பாவிகளோடு பந்தியிருந்தவரே, ஊராருடைய பார்வைக்கு அல்ல, உம்முடைய பார்வைக்கு முன்பாக நடக்க எங்களுக்குக் கிருபை தாரும். நாங்கள் விட்டுவந்த இடத்தில் மீண்டும் அமர எங்களைத் தாழ்த்தும். ஆமென்.