ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டீ?

"ஒரு வெள்ளிக்கு இன்னைக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

கரிவலம்வந்தநல்லூரில் சிங்கப்பூர் போக நினைக்கிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். 2008-இல் கட்டுமான வேலைக்குப் போய், கொரோனா ஓய்ந்த பிறகு ஊர் திரும்பியவன் நான். அதனால் தேடி வருகிறார்கள். கேட்ட விலையை அவர்களிடம் நான் முதலில் சொல்வதில்லை. "ஒரு மணி நேரம் வேலை பார்த்தா அங்க எத்தனை டீ குடிக்கலாம், இங்க எத்தனை டீ குடிக்கலாம்னு கணக்குப் போடு. அதுக்கப்புறம் வெள்ளிய ரூபாயா மாத்துவோம்" என்பேன்.

கணக்கைச் சேர்ந்தே போடுவோம். புதிதாகப் போகும் கட்டுமானத் தொழிலாளிக்கு நாளுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்பதுதான் இன்றும் பலர் கொண்டுவந்து காட்டும் தாளில் இருக்கிறது. 20 என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு இரண்டரை வெள்ளி. அங்கே காப்பிக்கடையில் ஒரு டீ 1 வெள்ளி 30 காசு, 40 காசு. ஒரு மணி நேர உழைப்புக்கு இரண்டு டீ முழுதாக வராது. நம் ஊரில் கொத்தனாருக்கு நாள் கூலி 1,000 ரூபாய், மணிக்கு 125. டீ 12 ரூபாய். பத்து டீ குடிக்கலாம்.

இதைக் கேட்டதும் பையன்கள் முகம் மாறிவிடும். அதற்குள் சிங்கப்பூர் ஏழை நாடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் சிங்கப்பூர்க்காரரைப் பாருங்கள். 2024-இல் அந்நாட்டில் வசிப்போரில் முழுநேர வேலை பார்ப்பவரின் இடைநிலை மாதச் சம்பளம், முதலாளி கட்டும் சேமநிதியையும் சேர்த்து, 5,500 வெள்ளி. மணிக்கு ஏறத்தாழ 29 வெள்ளி. அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இருபது டீ. ஒரே கடை, ஒரே டீ, அடுத்தடுத்த மேசையில் இரண்டு பொருளாதாரம். இந்தியாவையும் சிங்கப்பூரையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது மேசையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். போகிறவன் உட்காரப்போவது முதல் மேசையில்.

நாடு பெரிய நாடுதான், பரப்பில் இல்லை என்றாலும் பணத்தில். நம் தென்காசி மாவட்டம் 2,900 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூர் மொத்தமும் 735-ஐ ஒட்டித்தான், மாவட்டத்தில் கால் பங்கு. அதற்குள் 60 லட்சம் பேர் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தென்காசிப் பகுதியின் மக்கள்தொகை 14 லட்சம். சிங்கப்பூரில் நம் ஊர் நிட்சேப நதி மாதிரிப் பாசனத்துக்கு ஓர் ஆறு கிடையாது, நெல்வயல் கிடையாது. குடிநீரில் ஒரு பகுதி 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வருகிறது. 1965-இல் தனி நாடான சிங்கப்பூர், 2023 கணக்கில் ஆளுக்கு ஏறத்தாழ 85,000 அமெரிக்க டாலர் உற்பத்தி காட்டுகிறது. இந்தியாவுக்கு அது 2,500. முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் சேர்த்து உலக வங்கி போடும் கணக்கில் அதே வித்தியாசம் 14 மடங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். பாதிக்கு மேல் கரைந்துபோகிற அந்த வித்தியாசம்தான் நம் டீ.

ஏன் கரைகிறது என்பது எனக்கு அங்கே போன புதிதில், முடி வெட்டப்போன இடத்தில் புரிந்தது. அடுத்த மனிதனின் கை உழைப்பு கலந்த எதுவும் அங்கே விலை அதிகம். முடிவெட்டு, தையல், குழாய் ரிப்பேர், வாடகை வீடு, சமைத்த சோறு எல்லாம் அப்படி. எந்திரம் செய்து கப்பலில் வரும் பொருளுக்கு எங்கும் ஏறத்தாழ ஒரே விலை. 200 வெள்ளி செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தொழிலாளிக்கு அது 80 மணி நேர வேலை. கரிவலம் கொத்தனாருக்கு 100 மணி நேரம். சிங்கப்பூர்க்காரருக்கு ஏழு மணி நேரம். ஆக, போன் வாங்க சிங்கப்பூர் போவதில் கொத்தனாருக்குப் பெரிய லாபம் இல்லை, டீ குடிக்கப் போவதில் நஷ்டம். பிறகு எதில்தான் லாபம்? அங்கே சம்பாதித்து, அங்கே செலவழிக்காமல், இங்கே கொண்டுவந்து செலவழிப்பதில் மட்டும்தான். இரண்டு நாட்டின் விலை வித்தியாசம்தான் நம் சம்பாத்தியம். அதற்காகத்தான் ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கிறோம். விடியுமுன் வந்து இறங்கும் கேட்டரிங் பொட்டலத்தை, மதியத்துக்குள் கெட்டுவிடுமோ என்று மோந்து பார்த்துச் சாப்பிடுகிறோம். லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறோம்.

அந்த விலை வித்தியாசம் வருடா வருடம் தேய்கிறது. இதை யாரும் சொல்வதில்லை, நான் அழுத்திச் சொல்கிறேன். 2008-இல் மாதம் 450 வெள்ளி வீட்டுக்கு அனுப்பினேன். வெள்ளி அன்று 30 ரூபாயை ஒட்டி இருந்தது, 13,500 ரூபாய் வந்தது. கரிவலத்தில் கொத்தனார் கூலி அப்போது 300. ஒரு மாதம் நான் அனுப்பிய பணம் 45 கொத்தனார் கூலி. 2024-இல் என் மைத்துனன் மகன் 500 வெள்ளி அனுப்பினான். வெள்ளி 62 ரூபாய், ஆக 31,000. ரூபாயில் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கொத்தனார் கூலி ஆயிரமாகிவிட்டதே! அவன் அனுப்பியது 31 கூலிதான். என்னைவிட 50 வெள்ளி அதிகம் அனுப்பியும் அவன் வீட்டுச் சுவர் என் வீட்டுச் சுவரைவிட மெதுவாக எழும்புகிறது.

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, சிங்கப்பூர் அரசு தன் நாணயத்தை வலுவாக வைத்திருக்கிறது. அரிசியிலிருந்து மணல் வரை இறக்குமதி செய்யும் நாடு அது. வெள்ளி வலுவாக இருந்தால்தான் அவர்களுக்கு விலைவாசி கட்டுக்குள் நிற்கும். அதனால் அந்நாட்டு நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு நாணய மதிப்பை வைத்தே விலைவாசியை நிர்வகிக்கிறது. நமக்கு வெள்ளி ஏறுவது அதனாலும், ரூபாய் இறங்குவதாலும். முதலாளி நமக்குச் சம்பளம் கூட்டியதாக அதற்கு அர்த்தம் கிடையாது. இன்னொன்று, நம் ஊர் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. சங்கரன்கோவில் பக்கம் கூலி ஏறியிருக்கிறது. நூறு நாள் வேலைக்கே 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். நான் போன காலத்தில் கொத்தனாருக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஊர் வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதனால்தான் சொல்கிறேன், போகிறவர்கள் முதல் ஐந்து வருடத்துக்குள் மனையையும் அஸ்திவாரத்தையும் முடித்துவிட வேண்டும். பத்தாவது வருடத்தில் ரூபாய் அதிகமாக வரும், செங்கல் குறைவாக வரும்.

சரி, அங்கே நமக்கு என்ன கிடைக்கிறது? சம்பளம் தவிரவும் கிடைக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கும் தண்ணீர். ராத்திரி எத்தனை மணிக்கும் பயமில்லாத தெரு. எந்தக் காகிதத்துக்கும் யார் கையிலும் பணம் வைக்க வேண்டாத அலுவலகம். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது சட்டம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. எத்தனை மணி, என்ன பிடித்தம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு வருடத்துக்கு 60,000 வெள்ளி. வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அரசுக்கு முதலாளி கட்டும் லெவியை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நம் பக்கத்தில் விசைத்தறியிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி எழுத்தில் ஒரு சீட்டு வருமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அங்கே இருக்கும்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

2020 ஏப்ரலில் அந்த நாட்டின் இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நெருக்கியடித்த டார்மிட்டரிகளில் தொற்று பரவியதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை மாதக்கணக்கில் உள்ளேயே அடைத்தார்கள். வெளியே ஊர் திறந்த பிறகும் எங்கள் கதவு திறக்கவில்லை. அதே சமயம் பரிசோதனை, சிகிச்சை, சாப்பாடு எதற்கும் எங்களிடம் காசு வாங்கவில்லை. லெவியைத் தள்ளுபடி செய்து, சம்பளத்தை நிறுத்தாதீர்கள் என்று முதலாளிகளுக்கு அரசு சொன்னது. பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் வேறு ஆளாக வைத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

குடிமக்களுக்கான சேமநிதி வேலை பெர்மிட்டில் போகிறவனுக்கு இல்லை. பத்தில் எட்டுப் பேர் குடியிருக்கும் அரசு அடுக்குமாடி வீட்டை அவன் வாங்கவும் முடியாது. அறுபது வயதில் அவனுக்கு அந்த நாட்டில் ஒன்றும் மிஞ்சாது. கரிவலத்தில் இருப்பவனுக்கு ரேஷன் அரிசி இலவசம். பிள்ளைக்குப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு, மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, தகுதி இருந்தால் 2023 செப்டம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய். உடம்புக்கு முடியாவிட்டால் 108 ஆம்புலன்ஸ், பிறகு சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி. இவற்றை யாரும் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு இதெல்லாம் மாதம் என்ன பெறும் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள், அங்கே அனுப்பப்போகும் ஆளின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மைக் குடிமகனாக நடத்தும் நாடும், நம் உழைப்பை வாங்கும் நாடும் வேறு வேறு.

இவ்வளவு சொல்லியும் போகத்தான் வேண்டும் என்பவர்களை நான் தடுப்பதில்லை. வானம் பார்த்த பூமியில் இருப்பவனுக்கு, கொத்து வேலை தெரியாதவனுக்கு, இன்றும் அது பெரிய வாசல். சித்தாள் வேலைக்கு இங்கே 500, 600 ரூபாய்தான். அவனுக்கு நான் போட்ட கணக்கே வேறு மாதிரி வரும், போட்டுப் பார்க்கட்டும்.

அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான். ஐ.பி.ஏ. என்கிற ஒப்புதல் கடிதம் தமிழிலும் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் இருக்கும். அதைக் கையில் வாங்காமல் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அதில் எழுதிய சம்பளத்தை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஒரு வருட பெர்மிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். நம் ஊரில் கேட்கும் லட்சங்களில் மிச்சமெல்லாம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். என்னோடு தங்கியிருந்தவர்களில் பலருக்கு முதல் வருடம் முழுக்க வட்டிக்கும் அசலுக்குமே போனது. மூன்று வட்டிக்கு வாங்கிப் போவதைவிட ஆறு மாதம் தள்ளிப் போகலாம்.

போன பிறகு திறன் தேர்வு எழுதி மேல்நிலைக்கு வாருங்கள். 2024 கணக்கில், அடிப்படைத் திறன் உள்ள கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறார், மேல்நிலைத் திறன் உள்ளவருக்கு 500. நீங்கள் தேறினால் அவருக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் கூட்டிக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது, தயங்காமல் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் தேக்காவில் சுற்றுவதில் பாதி நேரத்தை வகுப்புக்குக் கொடுத்தவர்கள்தான் சூப்பர்வைசர் ஆனார்கள்.

பணத்தை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. சிறு பெண்குழந்தை இருந்தால் ஊரில் இருக்கும் மனைவியைக் கொண்டு அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். அங்கே இல்லாத சேமநிதியை நீங்களே இங்கே உண்டாக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் வைத்திருங்கள். சம்பளம் பாக்கி நின்றால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் உடனே மனிதவள அமைச்சிடம் போங்கள். தமிழில் பேசலாம், அது அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.