வெப்பத்தை இறைக்கும் பொறி

மதுரை மாநகர் வைகைக் கரையில், சமவெளியில் அமைந்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைத்தொடர் தடுத்துவிடுவதால், ஆனி, ஆடித் திங்களிலும் இங்கு வெயில் தணிவதில்லை. ஆகவே, இன்று பல இல்லங்களில் குளிரூட்டும் பொறி இடம் பெற்றுள்ளது.

இப்பொறி குளிரை உண்டாக்குகிறது எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஓட்டைப் படகில் புகும் நீரை இறைத்துக் கொட்டுவது போல, அறையினுள் புகும் வெப்பத்தை வெளியே இறைத்தலே அதன் தொழில். அதற்கு மின்னாற்றல் செலவாகிறது.

1,000 வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால், அது ஒரு யூனிட் ஆகும். 1,500 வாட் பொறியொன்று இரவுதோறும் 8 மணி நேரம் இடைவிடாது இயங்கினால், 60 இரவுகளில் 720 யூனிட் செலவாகும். 75 வாட் மின்விசிறிக்கோ 36 யூனிட்டே போதும். நுகர்வு மிகுந்தால், யூனிட்டின் விலையும் படிப்படியாக உயரும் என்பதை மறத்தலாகாது.

பொறி வாங்குவோர் அதன் நட்சத்திரக் குறியை நோக்குதல் வேண்டும். நட்சத்திரம் மிகுந்தால் மின்செலவு குறையும். 2020 முதல் நட்சத்திரக் குறி பெற்ற பொறிகள் 24 டிகிரி செல்சியசில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால், நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் கணிப்பு.

எனினும், படகின் ஓட்டையை அடைப்பதே முதற்கடமையன்றோ? மின்சாரம் அறியாத 17ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தடித்த சுவர்களும் உயர்ந்த கூடங்களும் இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகின்றன. கதவிடுக்கை அடைத்தலும், சன்னலுக்குத் திரையிடுதலும், மாடித் தளத்திற்கு வெண்சுண்ணம் பூசுதலும் எளியோர்க்கும் இயல்வனவே. புகாமல் தடுத்த வெப்பத்தை இறைக்க வேண்டுவதில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை.