முகாமைத்துவமா, பொருளியலா? மாறிச் சேர நினைக்கும் தங்கச்சிக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மெனேஜ்மென்ட் போடவா, எகனமிக்ஸ் போடவா அக்கா?" என்பதுதான். ஓர் இடத்தில் சேர்ந்து சில மாதம் படித்துவிட்டு, இது எனக்குச் சரிவரவில்லை, மற்றதற்கு மாறலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான் இருக்கின்றன. அதனால் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் வந்து நிற்கும் சந்தி இது.

முதலில் ஒன்று. பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதே, தங்கச்சி. இரண்டாம் வருடத்துப் பாடப் பட்டியலை எடுத்துப் பார். முதல் வருடம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: கொஞ்சம் நுண்பாகப் பொருளியல், கொஞ்சம் கணிதம், கொஞ்சம் புள்ளிவிபரவியல், கணினி, ஆங்கிலம். பிரிவது அதற்குப் பிறகுதான். முகாமைத்துவத்தில் கணக்கீடு, சந்தைப்படுத்தல், மனித வளம், வணிகச் சட்டம், நிதி முகாமைத்துவம் என்று போகும். கூட்டமாக உட்கார்ந்து செய்யும் ஒப்படைகள், முன்னளிக்கைகள் நிறைய வரும். பொருளியலில் பேரினப் பொருளியல், பன்னாட்டு வர்த்தகம், பொது நிதி, அபிவிருத்தி என்று போய், எக்கனோமெட்ரிக்ஸில் வந்து நிற்கும். தரவுகளை வைத்து ஒரு கூற்று உண்மையா என்று கணிதத்தால் சோதிக்கும் பாடம் அது. பொருளியல் என்றால் கட்டுரை எழுதினால் போதும் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். உயர்தரத்தில் கேள்விக் கோட்டையும் நிரம்பல் கோட்டையும் வரைந்து பாடமாக்கி ஏ எடுக்கலாம். பட்டப்படிப்பில் அந்தக் கோட்டின் சமன்பாட்டைக் கேட்பார்கள். கணிதம் பிடிக்காது என்றால் பொருளியலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் தொடங்கும் முன் கிடைக்கும் நீண்ட விடுமுறையில் சாதாரணதரக் கணிதப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, வரைபும் இருபடிச் சமன்பாடும் கை பழகும் வரை செய்துவிட்டுப் போ என்கிறேன்.

உன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லையா? நம் வீட்டு விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015 முதல் எழுந்துகொண்டே இருந்தது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்போது டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அடுத்த வருடம் மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதத்துக்குள் டொலர் 360ஐத் தொட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. ஐந்து டொலராக வந்த சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே போய்விட்டது, சம்பளச் சீட்டில் மட்டும் அதே ஆயிரம். இதற்கிடையில் 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது.

இதை வாசிக்கும்போது உனக்குள் எந்தக் கேள்வி முதலில் எழுகிறது என்று கவனி. சம்பளம் கூடியும் அம்மாவின் கையில் ஏன் நிற்கவில்லை? ஏற்றுமதி டொலரில் நடக்கும்போது ரூபாய் விழுந்த லாபம் யாருக்குப் போனது? நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைச் சிறு தோட்ட உடைமையாளர்கள் பறிக்கும் காலத்தில் கம்பனித் தோட்டங்களின் கதி என்ன? இவை உன்னைத் தூங்க விடாவிட்டால் நீ பொருளியல்காரி. ஒரு கிலோ தேயிலைக்கு ஸ்டோரில் எவ்வளவு செலவாகிறது, கொழும்பு ஏலத்தில் மொத்தமாகப் போகிற தூளை இங்கேயே பொதி செய்து நம் பெயரில் விற்றால் எவ்வளவு மிஞ்சும், 1980களில் மெரில் பெர்னாண்டோ தில்மா தேயிலையை வெளிநாட்டுக் கடைகளுக்கு எப்படிக் கொண்டுபோனார் என்று உன் புத்தி ஓடினால் முகாமைத்துவம் உனக்கு. இரண்டும் வேண்டும் என்று தோன்றுகிற பிள்ளைக்கும் வழி இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்துக்குள்ளேயே வணிகப் பொருளியல் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை வணிக முகாமைத்துவ பீடத்தைச் சேர்ந்தது. பேராதனையிலோ பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஒரே துறையாகக் கலைப்பீடத்தில் இருக்கின்றன. ஒரே பாடம், பீடம் மாறினால் கூடப் படிக்கும் பாடங்களும் மாறிவிடும். ஆகவே துறையின் பெயரோடு பீடத்தின் பெயரையும் பார்.

என் சாய்வை மறைக்க மாட்டேன். மலையகத்திலிருந்து இன்னும் பொருளியலாளர்கள் வர வேண்டும் என்பது என் ஆசை. பேராதனையில் பொருளியல் பேராசிரியராக இருந்த மு. சின்னத்தம்பி நம் சமூகத்திலிருந்து போய், தோட்டத் தொழிலாளரின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதியவர். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிப் பக்கம் உற்பத்திச் செலவுக் கணக்கோடு வந்து உட்காருகிறது. அந்தக் கணக்கைச் சரிபார்த்து எதிர்க்கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் போதாது. ஆனாலும் என் ஆசைக்காக நீ படிக்க வேண்டாம். வீட்டில் உனக்குப் பின்னால் தம்பி தங்கை இருந்து, நீ சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால், முகாமைத்துவத்தை எடு என்றுதான் சொல்வேன். காரணம் பட்டத்தைவிட, அதோடு சேர்த்துச் செய்யக்கூடிய தொழில்சார் பரீட்சைகள். ஏஏடி, பட்டயக் கணக்காளர், சீமா பரீட்சைகளில் கணக்கீடு படித்தவர்களுக்குச் சில பாடங்களில் விலக்குக் கிடைக்கும். ஏஏடியை உயர்தரம் முடித்த கையோடு தொடங்கலாம். கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேர்ந்து கொஞ்சம் கொடுப்பனவும் வாங்கலாம். பொருளியலில் பலன் வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். திட்டமிடல் சேவை, நிர்வாக சேவை, மத்திய வங்கி, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், ஆய்வு நிறுவனங்கள் என்று கதவுகள் உண்டு, எல்லாவற்றுக்கும் போட்டிப் பரீட்சையோ முதுமாணியோ குறுக்கே நிற்கும். அந்த இடைவெளியை வீடு தாங்குமா என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடு. "என்ன வேலை கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கோபப்படாமல், எந்த வருடம் எவ்வளவு செலவு, எந்த வருடத்திலிருந்து வருமானம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு.

மொழிமூலத்தையும் பார். முகாமைத்துவப் பட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. கலைப்பீடங்களில் பொருளியலைத் தமிழில் படிக்க இடமுண்டு. தமிழில் படிப்பது குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போடாதே, தெளிவாக விளங்கிப் படித்தவள்தான் பிறகு ஆங்கிலத்திலும் எழுதுவாள். ஆனால் மேற்படிப்பு நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒரு அத்தியாயமாவது ஆங்கிலத்தில் வாசித்துப் பழகு.

இனி விண்ணப்பம். இந்த நாட்டில் ஓர் அரச பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு விரும்பியபடி மாறிப் போக முடியாது. ஆகவே மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கையில் எடுக்கும் நேரம். ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு யுனிகோட் இருக்கிறது. நீ எழுதும் வரிசையில் மேலிருந்து கீழேதான் தெரிவு நடக்கும். போன வருட வெட்டுப்புள்ளிக்குப் பயந்து உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளாதே, மேலே போடுவதால் கீழே உள்ளது கெடாது. பெரும்பாலான பாடநெறிகளின் அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எனவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடையாமல் நம் மாவட்டத்தின் நிரலைப் பார். கலைப்பிரிவில் பொருளியல் எடுத்தவளுக்கு அரச பல்கலைக்கழக முகாமைத்துவக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அவளுக்கு நான் காட்டும் வழி திறந்த பல்கலைக்கழகம். அங்கே முகாமைத்துவக் கற்கைப் பட்டம் இருக்கிறது, ஹட்டனிலேயே கற்கை நிலையமும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. கண்டியிலும் பதுளையிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களின் உயர் தேசிய டிப்ளோமாவும் இன்னொரு வழி.

டிப்ளோமாவிலிருந்தோ வேறு பட்டத்திலிருந்தோ மாறுகிறவள் தெரிந்துகொள்ள வேண்டியது திறமைப் புள்ளிகளின் கணக்கு. கிரெடிட் என்பார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல், ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், உயர் டிப்ளோமா நான்காம் மட்டம். "உங்கள் டிப்ளோமாவை ஏற்றுக்கொள்வோம்" என்று தனியார் நிறுவனமொன்று சொன்னால், எத்தனை கிரெடிட், எந்த மட்டத்தில், எந்தெந்தப் பாடத்துக்கு என்று எழுத்தில் கேள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதே. பொருளியலிலிருந்து முகாமைத்துவத்துக்குப் போகும்போது கணிதமும் புள்ளிவிபரவியலும் பெரும்பாலும் கூட வரும். மறுபக்கம் போகிறவளின் சந்தைப்படுத்தலும் மனித வளமும் விருப்பப் பாடமாகக்கூட எண்ணப்படாமல் போகலாம். எதற்கு மாறுவது என்று இன்னும் முடிவாகாதவள் முதல் வருடத்தில் கணிதம், புள்ளிவிபரவியல், நுண்பாகப் பொருளியல் மூன்றிலும் நல்ல புள்ளி எடுத்து வைக்கட்டும், எந்தப் பக்கமும் அவை வீண்போகா.

பணத்துக்கு மகாபொலவும் பேசரியும் தெரிந்தவை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று சிலோன் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரி. விண்ணப்பிக்கும்போது பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வை. தோட்டத் துரை கையெழுத்துப் போட ஒரு கிழமை இழுத்தால் முடிவுத் திகதி போய்விடும்.

மாறுவதென்று முடிவெடுத்துவிட்டால், இப்போது படிக்கும் இடத்தில் ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத் தாளையும், முத்திரை வைத்த புள்ளிப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி இரண்டு பிரதி எடுத்துக்கொள். வெளியேறிய பிறகு அதே தாளுக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பதிவு வைத்திருக்க அனுமதிக்காத பாடநெறிகள் உண்டு. அப்படியானால் புதிய இடத்தின் பதிவுத் திகதியையும் பழைய இடத்தில் பதிவை ரத்துச்செய்ய எடுக்கும் நாட்களையும் பதிவாளர் அலுவலகங்கள் இரண்டிலும் முன்பே கேட்டு எழுதி வை. புதிய அனுமதிக் கடிதம் கையில் கிடைக்காமல் பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுக்காதே.