மென்பொருள் உலகில் பெயர்ப் போட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

அரிசியை அள்ளிப் பார்த்து வாங்கலாம். துணியைத் தடவிப் பார்த்து வாங்கலாம். மென்பொருளை அவ்வாறு சோதித்து வாங்க இயலாது. திரையில் நமக்குத் தெரிவது ஒரு சிறு படமும் அதன் கீழே ஒரு பெயரும்தான். அந்தப் பெயரை நம்பியே அதனை நம் கணிப்பொறியில் இறக்கிக் கொள்கிறோம். ஆகவே, ஒரு நிறுவனத்தின் பெயரை ஒத்த பெயரை மற்றொரு நிறுவனம் சூட்டிக்கொள்ளும்போது இருவரின் கௌரவத்தோடு பயன்படுத்துவோரின் நம்பிக்கையும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது. அத்தகைய நேரத்தில் பழைய பெயருக்கு உரியவர் என்ன செய்யலாம்? நடந்த இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நெருப்புப் பறவை நெருப்பு நரியான கதை

'ஃபயர்ஃபாக்ஸ்' என்னும் இணைய உலாவியை அறியாத கணிப்பொறி மாணவர் அரியர். ஆனால் பிறந்தபோது அதற்கு இட்ட பெயர் வேறு. 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மொசில்லா திட்டத்தினர் அதன் முதல் பதிப்பை 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டனர். சாம்பலிலிருந்து உயிர்த்தெழுவதாகக் கதைகள் கூறும் பறவையின் பெயர் அது. போட்டியில் வீழ்ந்த நெட்ஸ்கேப்பின் வழியில் எழுந்த உலாவிக்கு அது பொருத்தமான பெயரே. எனினும், கணிப்பொறியை இயக்கியவுடன் முதலில் ஓடும் 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரலைத் தயாரிக்கும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் முன்னரே இருந்தது. அதன் வணிகச் சின்ன உரிமை குறுக்கிட்டதால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

2003 ஏப்ரலில் சூட்டிய புதிய பெயர் 'ஃபயர்பேர்டு', அதாவது நெருப்புப் பறவை. ஒரு சிக்கலிலிருந்து மீண்டு இன்னொன்றில் விழுந்த கதையாயிற்று. அதே பெயரில் ஒரு தரவுத்தள மென்பொருள் ஏற்கெனவே வழக்கில் இருந்தது. போர்லாண்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் 'இன்டர்பேஸ்' தரவுத்தளத்தின் மூல நிரலை வெளியிட்டபோது, அதை எடுத்து ஒரு குழுவினர் வளர்த்து வந்த திறந்த மூல மென்பொருள் அது. வழக்கு மன்றம் செல்வதற்கு முன்னரே அவர்கள் தம் எதிர்ப்பை வெளிப்படையாகத் தெரிவித்தனர். ஆதரவாளர்களின் கண்டன மின்னஞ்சல்கள் மொசில்லா திட்டத்தினரிடம் குவிந்தன.

"ஒன்று உலாவி, மற்றொன்று தரவுத்தளம்; இதில் என்ன குழப்பம்?" என்று ஒருவர் கேட்கலாம். 'மொசில்லா ஃபயர்பேர்டு' என முழுப் பெயரையும் சொன்னால் போதும் என்பதே மொசில்லா தரப்பின் முதல் சமாதானமாக இருந்தது. ஆனால் பேச்சு வழக்கில் முழுப் பெயரை யார் சொல்கிறார்கள்? இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். இரண்டையும் ஒரே மாணவன் ஒரே கணிப்பொறியில் நிறுவக்கூடும். இணையத்தில் பெயரைத் தேடினால் பெரியதன் நிழலில் சிறியது மறைந்து போகும். ஆலமரத்தின் அடியில் நட்ட நாற்றின் நிலைதான். ஆதலால் அக்குழுவினரின் எதிர்ப்பு நியாயமானதே என்பது என் கருத்து.

இறுதியில் மொசில்லா விட்டுக் கொடுத்தது. 2004 பிப்ரவரி 9-ஆம் நாள் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. சொல்லுக்குச் சொல் 'நெருப்பு நரி' என்றாலும், அது சிவப்புப் பாண்டா என்னும் விலங்கின் மற்றொரு பெயராகும். இம்முறை முன்கூட்டியே வணிகச் சின்னப் பதிவுக்கும் விண்ணப்பித்திருந்தனர்.

கதை இத்துடன் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டில் மொசில்லா மறுபக்கத்தில் நிற்க நேர்ந்தது. லினக்ஸ் தொகுப்பான 'டெபியன்', ஃபயர்ஃபாக்ஸின் நிரலில் தானே சில மாற்றங்களைச் செய்து வழங்கி வந்தது. எங்கள் சின்னத்தைப் பயன்படுத்தாமலும், மாற்றங்களுக்கு ஒப்புதல் பெறாமலும் எங்கள் பெயரில் வழங்கலாகாது என்றது மொசில்லா. டெபியன் அதே உலாவிக்கு 'ஐஸ்வீசல்' எனப் பெயரிட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2016-இல்தான் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று மனமுவந்து கொடுத்தவர்கள்கூடப் பெயரை அவ்வாறு கொடுக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

நம் நாட்டு வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்ற புதுச் சொல்லை உருவாக்கி, 1999-இல் அச்சொல் அமைந்த இணைய முகவரிகளைப் பதிவு செய்தது. பின்னர் 2001-இல் வேறொரு நிறுவனம் 'சிஃப்பிநெட்' என்ற முகவரியுடன் தொழில் தொடங்கியது. தம் நிறுவனர்கள் ஐவருடைய பெயர்களின் முதல் எழுத்துகளே அச்சொல் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வழக்கு பெங்களூர் உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கியது. அங்கு சத்யம் இன்ஃபோவேக்கு ஆதரவாக இடைக்காலத் தடையாணை கிடைத்தது. இருவர் தொழிலும் வெவ்வேறு என்று கருதிக் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004 மே 6-ஆம் நாள் தடையை மீண்டும் நிலைநிறுத்தியது. எழுத்துகளைப் பற்றிய விளக்கத்தை அது ஏற்கவில்லை. இணைய முகவரிக்கென்று தனிச் சட்டம் இல்லாவிடினும், அதுவும் வணிகப் பெயரைப் போன்றதே. பிறர் பெயரின் சாயலில் தன் சரக்கைத் தள்ளிவிடுவதைத் தடுக்கும் சட்டநெறி அதற்கும் பொருந்தும் என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோல் என் உள்ளத்தைத் தொட்டது. இரு பெயர்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடும் வல்லுநரை அவை கருத்தில் கொள்வதில்லை. சராசரி அறிவும் அரைகுறை நினைவும் உடைய சாதாரண மனிதர் ஏமாறுவாரா என்பதே கேள்வி. என் தாயார் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். சவுக்காரக் கட்டியானாலும் தேயிலைத் தூளானாலும் உறையின் நிறத்தையும் படத்தையும் கொண்டே அடையாளம் காண்பார். இன்று அவர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது. வங்கியின் செயலிக்கும் அதைப் போலவே பெயர் தாங்கிய போலிச் செயலிக்கும் உள்ள ஓர் எழுத்து வேறுபாட்டை அவரைப் போன்றோர் எப்படிக் காண்பர்? பெயர்ச் சட்டம் முதலாளிகளுக்கு மட்டும் உரியதன்று. அவர்களுக்கும் அது வேலியாக நிற்கிறது.

நாம் அறிய வேண்டுவன

நாளை நம்மில் சிலர் சொந்தமாக மென்பொருள் எழுதி வெளியிடக்கூடும். அவர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பெயரிடுமுன் தேட வேண்டும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். மென்பொருள் 9-ஆம் வகுப்பிலும், மென்பொருள் வடிவமைப்புச் சேவைகள் 42-ஆம் வகுப்பிலும் அடங்கும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின் புதுப்பித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, பதிவு செய்யாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அப்பெயர் தம் உழைப்பால் மக்களிடம் அறிமுகம் பெற்றது என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, காலம் தாழ்த்தலாகாது. பின்னால் வந்தவர் தம் பெயரைப் பதிவு செய்து பயன்படுத்துவதை அறிந்தும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாளாவிருந்தால், அவர் நேர்மையாகப் பதிவு செய்திருக்கும் பட்சத்தில், முன்னவர் அதனை எதிர்க்கும் உரிமையை இழப்பார் என்கிறது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம்.

நான்காவது, முதலில் கடிதம், பிறகே வழக்கு. ஃபயர்பேர்டு குழுவினருக்குக் கைகொடுத்தது தீர்ப்பன்று, ஒன்றுபட்ட எதிர்ப்பே.

நிரலைப் பகிர்ந்தால் அறிவு வளரும், கொடுத்தவருக்கும் குறைவில்லை. பெயரைப் பகிர்ந்தாலோ, பிழை நேரும்போது யாரைக் கேட்பது என்பதே தெரியாமல் போகும். ஒரு மென்பொருளுக்கு யார் பொறுப்பு என்பதைப் பயன்படுத்துவோருக்குச் சொல்வது அதன் பெயர்தான். ஆகவே நிரலை எழுதும் கை, பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே கவனத்தோடு இயங்க வேண்டும்.