அழிந்த நகரின் அழியாத பெயர்

உயர்தரத்தில் தமிழும் வரலாறும் படிக்கும் எனக்கு ஊர்ப் பெயர்களின் வேரைத் தேடுவதில் தனி விருப்பம் உண்டு. அவ்வாறு தேடியவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது கார்த்தேஜ் என்னும் பண்டைய நகரின் பெயராகும்.

இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இந்நகரை அமைத்தவர்கள் பினீசியர்கள். தம் மொழியில் அவர்கள் இதனைக் 'கர்த் ஹதஷ்த்' என்றனர். 'புதிய நகரம்' என்பது அதன் பொருள். இதிலுள்ள 'ஹதஷ்த்' என்பதற்கும் அரபுச் சொல்லான 'ஹதீஸ்' என்பதற்கும் வேர் ஒன்றே. நபிமொழியைக் குறிக்க நாம் வழங்கும் 'ஹதீஸ்' என்ற சொல்லுக்குப் 'புதியது' என்ற பொருளும் அரபில் உண்டு.

இலத்தீனில் இப்பெயர் 'கார்த்தாகோ' ஆயிற்று. தமிழில் 'மரம்' என்பது ஐ உருபு ஏற்கும்போது 'மரத்தை' எனத் திரிகிறதல்லவா? அதுபோலவே 'கார்த்தாகோ' செயப்படுபொருளாக வரும்போது 'கார்த்தாகினெம்' எனத் திரியும். இலத்தீனில் பிறந்த மொழிகள் தம் பெயர்ச்சொற்களுள் பெரும்பாலானவற்றை எழுவாய் வடிவில் அன்றி, இந்த இரண்டாம் வேற்றுமை வடிவிலேயே பெற்றன.

இத்தாலிய மொழியைப் பாருங்கள். ஈற்று மகரம் தேய்ந்தது. இகரத்தின் முன் நின்ற ககர ஒலி ஜகர ஒலியானது. 'கார்த்தாஜினே' பிறந்தது. ருமேனியர் 'கார்த்தாஜினா' என்பர். ஸ்பானியரும் போர்த்துக்கேயருமோ எழுவாய் வடிவையே ஏற்றுக் 'கார்த்தாகோ' என்கின்றனர்.

ஆயினும் ஸ்பானியத்தில் இரண்டாம் வேற்றுமை வடிவமும் மறையவில்லை. கார்த்தேஜ் மக்கள் ஸ்பெயின் கரையில் அமைத்த நகரை உரோமர் 'கார்த்தாகோ நோவா' என்றனர். 'நோவா' என்றாலும் புதியதுதான். பினீசியப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் அது 'புதிய புதிய நகரம்' ஆகிவிடுகிறது! அந்நகரின் இன்றைய பெயர் 'கார்த்தஹேனா'. 'கார்த்தாகினெம்' என்பதிலிருந்த னகரம் மக்கள் நாவில் அதில் நிலைத்துவிட்டது. 1533இல் ஸ்பானியர் கொலம்பியக் கரையில் அமைத்த நகருக்கும் அதே பெயரைச் சூட்டினர்.

கி.மு. 146இல் உரோமர் கார்த்தேஜைத் தீக்கிரையாக்கினர். உயிர் தப்பியவர்களை அடிமைகளாக விற்றனர். ஆனால் அந்நகரின் பெயரை அவர்களால் அழிக்க முடியவில்லை. வென்றவர்களின் மொழியே அதனைத் தன் பிள்ளை மொழிகளுக்கும் கொண்டு சேர்த்தது. வேற்றுமை உருபுகளைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்கிறோம். ஒரு சொல் எவ்வழியே நடந்து வந்தது என்பதற்கு அவையே காலடித் தடங்கள் என்பதைக் கார்த்தேஜ் எனக்குக் கற்றுத் தந்தது.