யாரிடம் எந்தச் சாவி?

(கூட்டமைப்புக் கட்டிடத்திற்கு ஒரு சாவித் திட்டம்)



குழுவாக இருந்தபோது நமக்கு ஒரு தகரப்பெட்டி, ஒரு பூட்டு போதும். இன்று பல கூட்டமைப்புகள் சொந்தக் கட்டிடத்தில் இயங்குகின்றன. கீழே கடைகள், மேலே அலுவலகம், தையல் கூடம், பயிற்சிக் கூடம் என்று வணிக வளாகமாகவே நடத்துகிறோம். ஜன்னல் எங்கே வைப்பது, எந்தக் கலர் பெயிண்ட் அடிப்பது என்று மூன்று கூட்டம் பேசுகிறோம். பூட்டும் சாவியும் மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவசரமாக வாங்கி வரப்படுகின்றன. எந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று யாரும் தீர்மானம் எழுதுவதில்லை.

அப்படி எழுதாமல் விட்டதால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணி செய்த ஒரு கூட்டமைப்பில் புதுக் கட்டிடம் வந்தது. மொத்தம் 12 கதவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, பூட்டுக்கு 3 சாவி. ஆக 36 சாவிகள். யார் கேட்டாலும் கொடுத்தார்கள். தேவைப்பட்டவர்கள் பஜாரில் கொடுத்து மாற்றுச் சாவியும் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக பீரோவில் வைத்திருந்த 4,800 ரூபாய் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. பீரோ சாவி மேஜை டிராயரில்தான் கிடக்கும், எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அலுவலகக் கதவைத் திறந்தவர் யார்? எல்லோருடைய கண்ணும் ஒருவர் பக்கம் போனது. தினமும் காலையில் திறந்து கூட்டிப் பெருக்குகிற அக்கா. அவரும் நம் குழு உறுப்பினர்தான்.

நிர்வாகிகள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவர் அழவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்:

"ஏன் மேடம், சாவி என்கிட்ட மட்டுமா இருக்கு?"

அதன் பிறகுதான் கணக்கெடுத்தோம். அலுவலகக் கதவுக்கு 6 சாவிகள் வெளியே இருந்தன. ஒன்று பதவி முடிந்துபோன பழைய பொருளாளர் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று தையல் சொல்லிக்கொடுக்க வந்து போன ஆசிரியையிடம் இருந்தது. பணத்தை யார் எடுத்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. ஆறு பேரிடம் சாவி இருக்க, ஒருவரை மட்டும் உட்கார வைத்துக் கேட்டோம். அந்த அக்கா இன்றும் குழுவில் இருக்கிறார். கூட்டத்திற்கு வருவார், சேமிப்பைக் கட்டுவார், உடனே எழுந்து போய்விடுவார். முன்பெல்லாம் கடைசி வரை இருந்து பேசுகிறவர்.

பொருளைக் காப்பாற்றத்தான் பூட்டு என்று நினைக்கிறோம். நல்ல சாவித் திட்டம் நம் பெண்களின் பெயரையும் காப்பாற்றும். இந்தப் பாடத்தின் சாரம் அதுதான்.

முதல் வேலை: பேப்பரும் பேனாவும்

பூட்டுக் கடைக்குப் போகும் முன் நிர்வாகக் குழு ஒன்றாக உட்காருங்கள். ஒரு பெரிய தாளில் இடது பக்கம் எல்லாக் கதவையும் எழுதுங்கள். மொட்டை மாடிக் கதவு, மின் மீட்டர் அறை, பின்வாசல் எதையும் விடாதீர்கள். மேலே வரிசையாக ஆட்களை எழுதுங்கள். பெயர் வேண்டாம், தலைவி, செயலாளர், கணக்காளர், தையல் பொறுப்பாளர், துப்புரவுப் பணியாளர் என்று பொறுப்பை எழுதுங்கள். ஆள் மாறலாம், பொறுப்பு மாறாது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி: "இவர் தனியாக வந்து இந்தக் கதவைத் திறக்க வேண்டிய வேலை இருக்கிறதா?" இருந்தால் மட்டும் டிக் போடுங்கள். பெரிய பதவி என்பதற்காக டிக் போடாதீர்கள்.

நாங்கள் இதைச் செய்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பெருக்குகிற அக்காவிற்கு அலுவலகச் சாவியே தேவையில்லை. கணக்காளர் 10 மணிக்கு வந்து திறந்த பிறகு அந்த அறையைப் பெருக்கினால் போதும். இதை அவரிடம் தன்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். "உங்களை நம்பாமல் சாவியை வாங்கவில்லை, உங்கள் மேல் இனி எந்தப் பழியும் வரக்கூடாது என்று வாங்குகிறோம்" என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

மாஸ்டர் சாவி என்றால் என்ன?

ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிச் சாவி இருக்கும். அந்தச் சாவி அந்த ஒரு கதவை மட்டும் திறக்கும். ஆனால் எல்லாக் கதவையும் திறக்கிற ஒரு சாவியும் இருக்கும். அதுதான் மாஸ்டர் சாவி.

ஒரு பூட்டு எப்படி இரண்டு சாவிக்குத் திறக்கும்? கதவில் பதிக்கும் சிலிண்டர் பூட்டுக்குள் சின்னச் சின்ன உலோகப் பின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பின்னும் மேல் துண்டு, கீழ்த் துண்டு என இரண்டாக இருக்கும். சரியான சாவியை நுழைத்தால் அதன் பற்கள் எல்லாப் பின்னையும் சரியான உயரத்திற்குத் தூக்கும். துண்டுகள் பிரியும் இடம் ஒரே கோட்டில் வந்ததும் உருளை சுழலும், பூட்டு திறக்கும். மாஸ்டர் சாவிக்காக நடுவில் இன்னொரு மெல்லிய துண்டு சேர்ப்பார்கள். அப்போது அந்தப் பின்னுக்குச் சரியான உயரம் இரண்டு ஆகிவிடும். ஒன்று அறைச் சாவிக்கு, இன்னொன்று மாஸ்டர் சாவிக்கு.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. 5 பின் உள்ள பூட்டில் எல்லாப் பின்னிலும் இப்படித் துண்டு சேர்த்தால், அதைத் திறக்கக்கூடிய சாவி வடிவங்கள் 32 ஆகிவிடும். முன்பு ஒன்றுதான். அமெரிக்க ஆய்வாளர் மேட் பிளேஸ் என்பவர் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சாதாரண அறைச் சாவியும் அந்தப் பூட்டும் கையில் இருந்தால் மாஸ்டர் சாவியின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். அதனால் வசதிக்காக எல்லாக் கதவையும் மாஸ்டருக்குள் கொண்டுவரக் கூடாது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடுவது என்பதுதான் முக்கியமான முடிவு.

கதவுகளை மூன்றாகப் பிரியுங்கள்

அந்த 12 கதவுகளையும் நாங்கள் இப்படிப் பிரித்தோம்.

1. பொதுக் கதவுகள்: படிக்கட்டு கேட், பின்வாசல், மொட்டை மாடி, மீட்டர் அறை. நான்கும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகள். இதற்கு 3 சாவி: துப்புரவுப் பணியாளர், கணக்காளர், தையல் பொறுப்பாளர்.

2. வேலை அறைகள்: அலுவலகம், பயிற்சிக் கூடம், தையல் கூடம், குடோன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. பயிற்சிக் கூடத்திற்கு 1, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு, ஆக 7 சாவி.

3. மாஸ்டருக்கு வெளியே: கீழே உள்ள 4 வாடகைக் கடைகள், அலுவலக பீரோ.

முதல் இரண்டு வகையையும் மாஸ்டர் சாவி திறக்கும். மாஸ்டர் சாவி 2 மட்டும். இப்போது நம்முடைய 8 கதவுகளுக்கும் சேர்த்துப் புழக்கத்தில் 12 சாவிகள்தான். மிச்சத்தை உறையில் போட்டு சீல் வைத்துவிட்டோம்.

"நம்ம கட்டிடம்தானே, கடைக்கும் நம்மகிட்ட ஒரு சாவி இருந்தா என்ன?" என்று சிலர் கேட்டார்கள். கடைக்காரர் சரக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் சந்தேகம் நம் மேல் வரும். தீ, தண்ணீர்க் குழாய் உடைப்பு போன்ற அவசரத்திற்குச் சாவி வேண்டும் என்றால், கடைக்காரர் கையெழுத்துப் போட்டு ஒட்டிய உறையில் வாங்கி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

பீரோ சாவி டிராயரில் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், பணம் இராத்திரி கட்டிடத்தில் தங்கக் கூடாது. அன்றைய வசூல் அன்றே வங்கிக்குப் போகட்டும்.

வாங்கும்போது

- மாஸ்டர் சாவி முறைக்கான பூட்டுகளை ஒன்றாக, ஒரே கம்பெனியில் ஆர்டர் கொடுக்க வேண்டும். கதவுப் பட்டியலைக் கையில் கொண்டு போங்கள். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள்.
- பின்னால் அறைகள் கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அதற்கு இடம் விட்டுச் சாவி வரிசை போடுவார்கள்.
- சாதாரணச் சாவிக்குப் பஜாரில் சில நிமிடங்களில் நகல் போட்டுவிடலாம். அட்டையைக் காட்டினால்தான் நகல் கிடைக்கும் என்ற வகைப் பூட்டும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.
- சாவியில் "குடோன்", "ஆபீஸ்" என்று எழுதாதீர்கள். எண் மட்டும் போடுங்கள். எண் எந்தக் கதவு என்பது பதிவேட்டில் இருக்கட்டும்.
- எல்லாவற்றுக்கும் மாஸ்டர் முறை வேண்டியதில்லை. நான்கைந்து கதவுதான் என்றால் நல்ல தொங்கு பூட்டும் ஒழுங்கான பதிவேடும் போதும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மாநிலத்துக் கைவேலைதான்.

மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கும்?

தலைவியின் இடுப்பில் தொங்கினால் அது அதிகாரம் ஆகிவிடும். வீட்டிற்கு எடுத்துப் போகும் மாஸ்டர் சாவி ஒருநாள் வீட்டுக்காரர் கையில், இன்னொரு நாள் பிள்ளை கையில் இருக்கும்.

இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற முறை நமக்குப் புதிதில்லை. வங்கி லாக்கரில் நம் சாவியும் வங்கிச் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1991-ல் தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழு முறையில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பெண்களிடம் ஒவ்வொரு சாவி என்ற பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. மூவரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அதே போல ஒரு மாஸ்டர் சாவியை உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் தலைவியும் செயலாளரும் கையெழுத்திட்டு அலுவலக பீரோவில் வையுங்கள். இரண்டு பேர் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும். ஏன் பிரித்தோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாவது சாவி கட்டிடத்திற்கு வெளியே, கூட்டமைப்பின் வங்கி லாக்கர் போன்ற பத்திரமான இடத்தில் இருக்கட்டும்.

சாவிப் பதிவேடு

கோடு போட்ட ஒரு நோட்டு போதும். சாவி எண், வாங்கியவர் பொறுப்பும் பெயரும், வாங்கிய தேதி, கையெழுத்து, திருப்பிய தேதி, கையெழுத்து. மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லோரும் சாவியை மேஜை மேல் வைத்து எண்ணுங்கள். நிர்வாகிகள் மாறும்போது பாஸ்புக், முத்திரையோடு சாவியும் கைமாற வேண்டும்.

சாவி தொலைந்தால் அன்றே சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அபராதம் போடாதீர்கள். அபராதம் என்றால் மறைப்பார்கள், மறைத்தால் ஆபத்து. அறைச் சாவி தொலைந்தால் அந்த ஒரு பூட்டை மாற்றினால் போதும். மாஸ்டர் தொலைந்தால் அதில் திறக்கும் எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டும். அதன் விலை அவ்வளவு.

உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டாதீர்கள்

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 9-வது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியை எடுத்துப் போய்விடுவார்கள் என்று, ஒரே வழியாக அனுப்பிப் பையைச் சோதிப்பது அங்கே வழக்கம். 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள், பலர் இருபது வயதைத் தொட்டும் தொடாதவர்கள். நூறு வருடம் கழித்து, 2012 நவம்பரில் வங்கதேசத்தில் டாக்கா அருகே ஓர் ஆடை ஆலைத் தீயில் 110-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் பூட்டிய கேட்டுகள் வழியை மறித்தன.

நம் தையல் கூடத்திலும் 20 பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். துணி, நூல், மின்சாரம் எல்லாம் இருக்கிறது. வேலை நேரத்தில் பின்வாசலும் படிக்கட்டு கேட்டும் பூட்டு இல்லாமல் இருக்க வேண்டும். கழற்றிய பூட்டை நாதாங்கி வளையத்திலேயே மாட்டிப் பூட்டி வையுங்கள். அப்போது யாரும் தெரியாமல் வெளியிலிருந்து கொண்டியைப் போட முடியாது. உள்ளிருந்து வெளியே போக யாருக்கும் சாவி தேவைப்படக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் கட்டிடத்தில் எத்தனை கதவு, எத்தனை சாவி? யாருக்காவது உறுதியாகத் தெரியுமா?
2. பதவி முடிந்தவர்கள் யாரிடமாவது இன்னும் சாவி இருக்கிறதா?
3. நாளைக்கே ஒரு பொருள் காணாமல் போனால் யாரை முதலில் சந்தேகப்படுவோம்? ஏன் அவரை?
4. தீப்பிடித்தால் தையல் கூடத்திலிருந்து எந்த வழியாக வெளியே வருவோம்?

மூன்றாவது கேள்வியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். நாங்கள் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே அதைப் பேசியிருந்தால், ஓர் அக்கா இன்றும் எங்கள் கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்