கலங்கும் நீரும் மிதக்கும் பாசியும்

இடம்பெயர்ந்து, குளத்தையோ நீர்த்தேக்கத்தையோ நம்பிப் புதிதாய்க் குடியேறிய குடும்பங்கள் பல. "தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, குடிக்கலாமா?" என்பது அவர்களது கேள்வி. விடை காண, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் அசைவை முதலில் அறிவோம்.

1. கலக்கமும் படிவும்

சாயத் தண்ணீரைக் கரண்டியால் கலக்கினால் தேயிலைத் தூள் சுழலும். நிறுத்தினால் அடியில் படியும். நீர்த்தேக்கத்தில் காற்றும் ஆற்று வரத்தும் அந்தக் கரண்டியின் வேலையைச் செய்கின்றன. டயட்டம் எனும் பாசிக்குச் சிலிக்காவாலான ஓடு உண்டு. அது நீரைவிடப் பாரமானது. ஆயினும் மிகச் சிறியதாகையால் மெதுவாகவே இறங்கும். நீர் கலங்கும்வரை அது மேலே தூக்கப்பட்டு வெளிச்சம் பெறும். நீர் அடங்கினால் இருளில் அமிழ்ந்துவிடும்.

2. மிதக்கத் தெரிந்த பாசி

மைக்ரோசிஸ்டிஸ் எனும் நீலப்பச்சைப் பாசியின் கலங்களுக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் உள்ளன. பகலில் அது மாச்சத்தைச் சேர்த்துப் பாரமாகி இறங்கும். இரவில் அதைச் செலவழித்து மேலெழும். நீர் அசையாத நாட்களில் மற்றப் பாசிகள் அமிழ, இது மேலே வந்து ஆடைபோல் படரும். இளங்காற்று அதை ஒரு கரையில் ஒதுக்கும்.

3. கொத்மலை தரும் பாடம்

1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் இப்பாசி பெருகியது. இதன் உணவு நைதரசனும் பொசுபரசும். மலைச்சரிவுகளில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், அரித்த மண்ணும், மலக்கழிவும் மழையோடு இறங்கி இவற்றை நீரில் சேர்க்கின்றன.

4. நாம் செய்யக்கூடியவை

* ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நீர் எடுத்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. மேலே திரண்டால் நீலப்பச்சைப் பாசி எனச் சந்தேகித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பின்னர் கைகளைக் கழுவுங்கள்.
* இப்பாசியின் நஞ்சு ஈரலைப் பாதிக்கும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது.
* பாசி ஒதுங்கிய கரையில் பிள்ளைகளைக் குளிக்கவோ மாடுகளை நீர் அருந்தவோ விடாதீர்கள்.
* பீலி நீரையோ பாதுகாப்பான கிணற்று நீரையோ பயன்படுத்துங்கள்.
* மழைக்கு முன் உரம் இடாதீர்கள். சரிவில் கல்லணை கட்டி, கரையோரம் புல் வளருங்கள்.

கலந்துரையாட:

1. நம் குளத்தில் எந்த மாதங்களில் நீர் அசையாமல் நிற்கிறது? அப்போது நிறம் மாறுகிறதா?
2. மேலே உள்ளவர் இடும் உரம் கீழே உள்ளவரின் குடத்துக்கு வருகிறது. இதைப் பற்றி இரு சாராரும் கூடிப் பேசியதுண்டா?